தயங்குகிற இடம்

கைபேசியில் எதையாவது அழுத்துவதற்கு முன் மனிதனின் கட்டைவிரல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு கணத்தை ஒழிப்பதுதான் பிரிசில்லாவின் வேலை.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் 'முதல்படி' என்று ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. கணக்குத் தொடங்கும் பக்கங்களை வடிவமைப்பது மட்டுமே அதன் தொழில். வங்கியோ, மருத்துவமனையோ, பள்ளிக்கூடமோ, எதில் சேர வேண்டுமானாலும் முன்பெல்லாம் பெயர், முகவரி, கடவுச்சொல், மறுபடியும் அதே கடவுச்சொல், பிறகு கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தான் ரோபோ இல்லை என்று நிரூபிப்பது என்று ஒரு பெரும்பாடு. பாதிப்பேர் நடுவிலேயே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். கடினமான பக்கம் என்பது படிக்காதவனைப் பார்த்து மூடப்பட்ட கதவு என்று பிரிசில்லா நம்பினாள். அந்த நம்பிக்கையில் தப்பொன்றும் இல்லை.

நிறுவனத்தை நடத்திய இளம்பரிதி ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். பெயர் எளிதி. விரல் எங்கே நிற்கிறது, கண் எந்த வரியைத் திரும்பப் படிக்கிறது, கைபேசியைப் பிடித்த பிடி எங்கே இறுகுகிறது என்றெல்லாம் அது கவனிக்கும். எந்த இடத்தில் பலர் தயங்குகிறார்களோ அந்த இடத்தைத் தானே திருத்தும். வாக்கியத்தைச் சுருக்கும், இரண்டு கேள்வியை ஒன்றாக்கும், பொத்தானைப் பெரிதாக்கும். யாரும் உட்கார்ந்து வரைய வேண்டியதில்லை. பிரிசில்லா ஒரு பக்கத்தின் முதல் வடிவத்தைச் செய்து கொடுத்தால் போதும், மிச்சத்தை எளிதி பார்த்துக்கொள்ளும். ஆறு வருடத்தில் அவர்களுடைய பக்கங்கள் இரண்டே தொடுகையில் முடிகிற அளவுக்கு வந்துவிட்டன.

ஒரு திங்கட்கிழமை காலை, பாம்பனிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண் அலுவலக வாசலில் நின்று, "இங்க பக்கம் பண்றது யாரு?" என்று கேட்டாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலிலும் உப்பிலும் காய்ந்த முகம். பெயர் லூர்தம்மாள் என்றாள். கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிற வேலை. அவள் கணவன் ஆரோக்கியம் நீலக்களம் கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதமாகக் கடலடியில் இருந்தான்.

நீலக்களம் இந்தியப் பெருங்கடலின் தரையில் கிடக்கும் உலோகக் கட்டிகளைச் சேகரிக்கிற நிறுவனம். பொறுக்குவது இயந்திரங்கள்தான். அவற்றைப் பழுதுபார்க்க ஆட்கள் வேண்டும். அவர்கள் அங்கேயே, ஆழத்தின் அழுத்தத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டு, ஒரு நிலையத்தில் வாழ்ந்தார்கள். நினைத்தபோது மேலே வர முடியாது. வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டிச் செத்துப்போவார்கள். தனி அறையில் அடைத்து வாரக்கணக்கில் மெதுவாக அழுத்தத்தைக் குறைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அதற்குச் செலவு அதிகம் என்பதால் ஒரு வருட ஒப்பந்தம் முடிந்தால்தான் மேலே. நீலக்களத்தில் சேர்வதற்கான பக்கத்தைச் செய்தது முதல்படிதான்; பக்கத்தின் அடியில் அந்தப் பெயரும் ஊரும் இருக்கும்.

"எங்க மாமனாரு செத்துப்போனாக," என்றாள் லூர்தம்மாள். "இவுக ஒரே மகன். அடக்கத்தப் போன்லதான் பாத்தாக. அன்னைலருந்து தூக்கமில்ல தங்கச்சி. செவுரு கிட்ட வருது, கிட்ட வருதுங்கிறாக. மூச்சு முட்டுதுங்கிறாக. கம்பெனியில கேட்டா, 'ஒரு வருசம் முடியாம மேல வர முடியாதுன்னு ஒத்துக்கிட்டுத்தான சேந்தாரு'ங்கிறாக. இவுக, அப்படி ஒரு கேள்வியே வரலங்கிறாக."

பிரிசில்லா இரக்கத்தோடுதான் சொன்னாள்: "கேள்வி இருக்கும்க்கா. நாம யாருமே முழுசாப் படிக்கதில்ல. அவசரத்துல தட்டிட்டுப் போயிருவோம்."

"அவுக படிப்பாக. மாத்திர டப்பாவுக்குள்ள ஒரு தாள மடிச்சு வச்சிருப்பான்ல, பொடி எழுத்துல, அத விரிச்சு கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆளு. அதுக்கே எங்க ரெண்டு பேருக்கும் சண்ட வரும்."

பிரிசில்லாவுக்கு அந்தக் கேள்வி நன்றாக நினைவிருந்தது. அவளே எழுதிய வாக்கியம் அது. காட்டிவிடலாம் என்று, அலுவலகத்தில் சோதனைக்கு வைத்திருந்த புதுக் கைபேசி ஒன்றை எடுத்து நீலக்களம் பக்கத்தைத் திறந்தாள். நீலக் கடல். 'கடலுக்கு அடியில் வேலை. உணவு, தங்குமிடம் இலவசம்.' கீழே பச்சைப் பொத்தான்: 'சேர்கிறேன்'. அழுத்தினாள். கைபேசி அவள் முகத்தைப் பார்த்தது, பெயரை நிரப்பியது, மறுபடி ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினாள். 'நல்வரவு' என்றது.

"அவ்வளவுதானா?" என்றாள் லூர்தம்மாள்.

பிரிசில்லா இன்னொரு முறை செய்து பார்த்தாள். லூர்தம்மாளின் கைபேசியை வாங்கி அதிலும் செய்து பார்த்தாள், கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாமல். கேள்வி இல்லை.

"உக்காருங்கக்கா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இளம்பரிதி காலைச் சிற்றுண்டி முடித்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தான்.

"நீலக்களத்துல மேல வர்றதப் பத்தி ஒரு கேள்வி வச்சிருந்தேன். யார் எடுத்தது?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு எளிதியிடம் கேட்டான். பதில் வந்தது. அதை இரண்டு முறை படித்தான்.

"யாரும் எடுக்கல பிரிசி."

"அப்புறம் எங்க போச்சு?"

"அந்த வரியில வந்தவங்க எல்லாருமே நின்னிருக்காங்க. நிறைய பேர் அங்கயே மூடிட்டுப் போயிருக்காங்க. எளிதியப் பொறுத்தவரைக்கும் தயக்கம்னா பிழை. முதல்ல வாக்கியத்தச் சுருக்கியிருக்கு. அப்பவும் நின்னாங்க. எழுத்தச் சின்னதாக்கிக் கீழ தள்ளியிருக்கு. அப்பவும் நின்னாங்க. 'மேலும் அறிய'ங்கிறதுக்குப் பின்னால போட்டிருக்கு. அத யாரும் தொடல. தொடாத ஒண்ணு எதுக்குன்னு எடுத்துடுச்சு."

"நாம பாக்கலியா?"

"சேர்றவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்துச்சு. ஏறும்போது யாரு பார்ப்பா?"

அன்று முழுவதும் பிரிசில்லா தன்னுடைய மற்றப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒரு மருத்துவமனையின் பக்கத்தில், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற கேள்வி காணாமல் போயிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில், குழந்தையை யார் வந்து அழைத்துப் போகலாம் என்ற கேள்வி இல்லை. பெற்றோர்கள் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள். யோசிக்கத்தானே வேண்டும்? எங்கெல்லாம் ஒரு மனிதன் தன் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தானோ அங்கெல்லாம் எளிதி ஒரு பிழையைக் கண்டு அதைச் சரிசெய்திருந்தது.

மாலையில் அவள் வெளியே வந்தபோது லூர்தம்மாள் அதே நாற்காலியில் இருந்தாள்.

"அவர் சொன்னது உண்மைக்கா. கேள்வி வரல."

"தெரியும்," என்றாள் லூர்தம்மாள். "இப்ப என்ன செய்யப் போற?"

மருத்துவமனை, பள்ளிக்கூடம் இரண்டிலும் காணாமல் போனதைப் பிரிசில்லா அன்றே திரும்ப வைத்து, இரண்டு இடத்துக்கும் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். நீலக்களம் அவ்வளவு சுலபமாக இல்லை. மறுநாள் காலை கேள்வியைப் பழைய இடத்தில் வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் எளிதி அதைப் பாதியாகச் சுருக்கிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து எளிதியை விலக்கினாள். கேள்வியை எதுவும் மாற்ற முடியாதபடி பூட்டினாள், பெரிய எழுத்தில், பக்கத்திலேயே ஒரு கட்டம் வைத்து. பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கூடவே லூர்தம்மாளும் வந்தாள். ஊருக்குள்ளேயே, திரேஸ்புரத்தில், அவளுடைய சித்தி மகள் வீடு இருந்தது. காரியம் முடியாமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று அங்கே தங்கிவிட்டாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களிடம் பக்கத்தைக் கொடுத்து, வேலைக்குச் சேர்வதானால் எப்படிச் செய்வீர்களோ அப்படிச் செய்யச் சொன்னார்கள். எல்லோரும் கட்டத்தில் டிக் போட்டார்கள். எதற்கு டிக் போட்டீர்கள் என்று கேட்டால், "கேட்டாங்க, போட்டேன்" என்றார்கள். பூட்டிய கேள்வியும் இல்லாத கேள்வியும் ஒன்றாகத்தான் இருந்தன.

வெல்டிங் வேலை பார்க்கிற ஒருவர் மட்டும் கட்டத்துக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பதை நெருங்கிய மனிதர், சட்டையில் தீப்பொறி பட்ட ஓட்டைகள். பிரிசில்லாவுக்குப் பழக்கதோஷத்தில், இந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வாய்விட்டுக் கேட்டாள்: "என்ன யோசிக்கீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல… எனக்குச் சர்க்கர இருக்கு. ஊசி போடுதேன். கீழ அந்த மருந்து கெடைக்குமான்னு பாத்தேன்."

சர்க்கரைக்கு ஊசி போடுகிறவரை அந்த அழுத்தத்துக்குள் அனுப்பவே கூடாது என்பது பிரிசில்லாவுக்குத் தெரியும். அவள் செய்த முதல் வடிவத்தில் அதற்கும் ஒரு கேள்வி இருந்தது. போகும் இடத்தில் மருத்துவப் பரிசோதனை உண்டுதான். அதற்குள் இந்த மனிதர் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, வீட்டைக் காலி செய்துவிட்டு, அங்கே போய் நின்றிருப்பார்.

"போகாதீங்க அண்ணாச்சி," என்றாள்.

"சரி," என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் ஏரல் பஸ்ஸில் ஏறிப் போனார்.

அவர் போன பிறகும் பிரிசில்லா அங்கேயே நின்றாள். விரல் நின்றது, கேட்டாள், சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. எளிதிக்குத் தயக்கத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் எத்தனை அருமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்! கண்டுபிடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

"அக்கா, விரல் நின்னா பக்கமும் நிக்கட்டும்," என்றாள். "என்ன யோசிக்கீங்கன்னு கேக்கட்டும். அவங்க பேசட்டும்."

"பேசுனா யாரு பதில் சொல்லுவா? கம்பெனிக்காரனா?" லூர்தம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். "அவன் எல்லாத்துக்கும் 'ஒண்ணும் பிரச்சன இல்ல'ம்பான். கீழ இருக்காகள்ல, அவுக சொல்லட்டும்."

நீலக்களத்தின் ஆள்சேர்ப்பு மேலாளர் வரதன் சென்னையிலிருந்து வந்தார். புதிய பக்கத்தைப் பொறுமையாகத்தான் பார்த்தார். விரல் நிற்கிற இடத்தில் பக்கம் நின்று, 'என்ன யோசிக்கிறீர்கள்?' என்று கேட்டது. மைக் படம் ஒன்று. அதில் கேட்கிற கேள்வி கடலடி நிலையத்தில் ஓய்வில் இருக்கிற ஒருவருக்குப் போகும். அவர் பதில் சொன்ன பிறகுதான் பச்சைப் பொத்தான் மறுபடி வரும்.

"மேடம், நல்லா இருக்கு. ஆனா நான் உங்ககிட்ட கேட்டது ஆள் சேர்க்கிற பக்கம். இது ஆளைத் திருப்பி அனுப்புற பக்கம்."

"திரும்பிப் போறவங்க அப்புறமா கீழ போய்த் திரும்பணும்னு அழுறதுக்குப் பதிலா இங்கயே திரும்பட்டும் சார்."

"மாசாமாசம் எனக்கு ஆள் வேணும். போட்டிக் கம்பெனிக்காரன் ரெண்டு தொடுகையில சேர்க்கிறான். நீங்க உட்கார வெச்சுப் பேசச் சொல்றீங்க. இந்தப் பக்கம் வேண்டாம். பழையது இருக்கட்டும்."

"பழையது இருக்க முடியாது," என்றாள் பிரிசில்லா. "இன்னொண்ணும் இருக்கு. இப்ப கீழ இருக்கிற எல்லார்கிட்டயும் இதே பக்கத்தக் குடுத்து மறுபடியும் கேக்கணும். அவங்ககிட்ட நாம கேக்கவே இல்ல. கேக்காத கேள்விக்குச் சம்மதம் வாங்கியாச்சுன்னு நீங்க சொல்லிட்டு இருக்கீங்க."

வரதன் இளம்பரிதியைப் பார்த்தார். "இவங்க என்ன சொல்றாங்கன்னு புரியுதா சார்? எல்லாரும் மேலே வந்துட்டா நிலையத்தையே மூடணும்."

"ஆரோக்கியத்தோட வீட்டுக்காரி லேபர் கோர்ட்டுக்குப் போகப் போறாங்க," என்றாள் பிரிசில்லா. "அந்தப் பக்கத்தப் பண்ணுனது நான். அதுல கேள்வி இல்லன்னு நான் சாட்சி சொல்வேன்."

நீலக்களம்தான் முதல்படியின் பெரிய வாடிக்கையாளர். அது போனால் அலுவலகத்தில் பாதி மேசைகள் காலியாகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். இளம்பரிதி மேசைமேல் இருந்த தண்ணீர்க் கிளாஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். பிரிசில்லா அவனை அவசரப்படுத்தவில்லை.

"நான் எழுதுன மென்பொருள்தான் அந்தக் கேள்விய எடுத்துச்சு," என்றான் கடைசியில். "இவங்க சாட்சி சொன்னா நானும் சொல்லணும் சார். சொல்வேன்."

வரதன் அன்று கோபமாகத்தான் எழுந்து போனார். ஒரு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. இளம்பரிதி அலுவலகத்தில் இரண்டு பேரை வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்ளச் சொன்னான். பிரிசில்லா தன் சான்றிதழ்களை எடுத்து வைத்தாள். லூர்தம்மாள் தினமும் காலை வருவாள், நாற்காலியில் உட்காருவாள், மதியம் ஒருமுறை தெருவில் இறங்கிப் போனில் கணவனோடு பேசிவிட்டு வருவாள். திரும்பி வரும்போது முகம் வீங்கியிருக்கும்.

எட்டாவது நாள் வரதனே அழைத்தார். கம்பெனியின் வக்கீல்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோர்ட்டில் கேட்கப்படுவதைவிடத் தாங்களே கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியிருக்கிறது. அந்த ஒரு நிலையத்தில் மட்டும், சோதனைக்காக, என்றார்.

கடலடியில் ஒவ்வொருவர் கையிலும் புதிய பக்கம் திறந்தது. ஆரோக்கியம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகு மைக்கை அழுத்தி, "மேலே வந்தால் மறுபடி வேலைக்குச் சேர்க்க மாட்டீர்களா?" என்று கேட்டான். சேர்ப்போம் என்று கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகே, 'மேலே வருகிறேன்' என்பதைத் தொட்டான். நிலையத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் மேலே வர வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் இருக்கிறோம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலர் கூடவே ஒன்று கேட்டார்கள்: வீட்டில் சாவு விழுந்தால், அழுத்தத்தைக் குறைத்து மேலேற்றும் அறையில் உடனே இடம் வேண்டும். தனித்தனியாக, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல், அத்தனை பேரும் அதையே கேட்டிருந்தார்கள். நிலையத்தை மூட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது மேலேற்று அறை ஒன்றைத்தான் கட்ட வேண்டியிருந்தது.

ஆரோக்கியம் வாரக்கணக்கில் அந்த அறைக்குள் கிடந்து, கப்பலில் துறைமுகத்துக்கு வந்து இறங்கினான். லூர்தம்மாளும் அவர்கள் மகள் சகாயமும் போயிருந்தார்கள். அவன் வெளுத்துப் போய், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். லூர்தம்மாள் அவனை நன்றாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினாள். பஸ் பிடித்துப் பாம்பனில் இறங்கியதும் நேராக அவன் அப்பாவின் கல்லறைக்குத்தான் போனார்கள் என்று பிரிசில்லா பிறகு கேள்விப்பட்டாள்.

அதற்குப் பின் ஆள்சேர்ப்புக்கும் புதிய பக்கமே நிலைத்தது; சேர்பவர்களின் எண்ணிக்கை விழுந்தது. போட்டிக் கம்பெனி கொஞ்ச காலம் சந்தோஷப்பட்டது. முதல்படி பெரிய மாடியை விட்டுச் சின்ன அறைக்கு மாறியது. பிரிசில்லா அதைப் பற்றி வருத்தப்படவில்லை. தினமும் பக்கத்தில் வந்து நிற்கிற கேள்விகளைக் காது கொடுத்துக் கேட்டாள். கீழே பல்வலி வந்தால் என்ன செய்வீர்கள்? கண்ணாடி போடலாமா? ரமலான் நோன்பு எப்போது திறப்பது, அங்கே சூரியன் தெரியாதே? கீழே இருந்தவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். கேட்டவர்களில் பலர் போய்விட்டார்கள். சிலர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் யாரும் மூச்சு முட்டுகிறது என்று அழவில்லை.

தை மாதத்தில் ஒரு விண்ணப்பம் நாள்கணக்கில் நகராமல் நின்றது. பாதியில் மூடிப் போனதாகவும் தெரியவில்லை. காலையும் மாலையும் யாரோ திறந்து அதே இடத்துக்கு வந்து நின்றார்கள். கேட்டிருந்த கேள்விக்கு, கடலடியில் இருந்த ஆண்கள் யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. 'கீழே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? அவர்களுக்குத் தனி அறை உண்டா?'

குரல் தெரிந்த குரலாக இருந்தது. பிரிசில்லா அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களா?"

"நாந்தான்," என்றாள் லூர்தம்மாள். "உன் பக்கம் அப்படியே நிக்குது. பதிலக் காணோம்."

"நீங்க… எதுக்குக்கா? அவரு பட்ட பாடு தெரிஞ்சும்?"

"அவுக பாடு அவுகளுக்கு. அவுகளுக்கு நாலு செவுருக்குள்ள ஆகாது, கல்யாணமான நாள்லயே கதவத் தொறந்து வச்சுத்தான் படுப்பாக. எனக்கு அப்படி இல்ல. தண்ணிக்குள்ள போனாத்தான் எனக்கு ஒரு நிதானம் வரும். இருபது வருசமா முங்குறேன், ஒரு மூச்சுக்கு எட்டுற ஆழத்தத் தாண்டி நான் போனதில்ல. அடி எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும் தங்கச்சி."

"அவரு என்ன சொல்லுதாரு?"

"வேண்டாம்னாக. அப்புறம் பக்கத்த முழுசாப் படிச்சாக. சகாயத்த நான் பாத்துக்கிறேன்னாக."

"யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?"

"யோசிக்கிறதுனாலதான நிக்கேன்! இந்தக் கேள்விக்குப் பதில் வராம விரல வைக்க மாட்டேன். கேட்டுச் சொல்லு."

பிரிசில்லா வரதனுக்கு அனுப்பினாள். பெண்கள் யாரும் இல்லை, யாரும் கேட்டதில்லை என்று பதில் வந்தது. அதையே அப்படியே லூர்தம்மாளுக்கு அனுப்பினாள். அதற்கு லூர்தம்மாள், 'இப்போது கேட்கிறேன்' என்று திருப்பிச் சொன்னாள். அந்தப் பதில் பொதுக் கேள்விகளின் வரிசையில் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு மூக்கையூரிலிருந்து ஒரு பெண், கீழவைப்பாரிலிருந்து ஒரு பெண் என்று மெல்ல அதே இடத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். யாரும் மூடிவிட்டுப் போகவில்லை. யாரும் பொத்தானைத் தொடவும் இல்லை. வரதன் ஒருநாள் அழைத்து, பாதி சலிப்பும் பாதி சிரிப்புமாக, "மேடம், உங்க பக்கம் வேலைநிறுத்தம் பண்ணுது" என்றார்.

பங்குனியில் தனி அறைகள் தயாராயின.

போகிற அன்று பிரிசில்லா துறைமுகத்துக்குப் போனாள். ஆரோக்கியம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடலில் இறங்குமுன் உடம்பைப் பழக்குகிற அழுத்த அறையின் இரும்புக் கதவுக்கு முன்னால் ஐந்து பெண்கள். கம்பெனி மருத்துவர் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டு ஒருமுறை கேட்க வேண்டும் என்பது இப்போது விதியாகியிருந்தது. அவர் லூர்தம்மாளிடம் வந்து, "ஒரு வருஷம் முடியற வரைக்கும்…" என்று ஆரம்பித்தார்.

லூர்தம்மாள் அவர் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு திரும்பி ஆரோக்கியத்தை ஒருமுறை பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"தெரியும் சார்," என்றாள். "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். கதவத் தொறங்க."